அக்கா சொன்னது 45, மகன் சொன்னது 90

பக்கவாதம் வந்த ஒருத்தரைப் பார்க்க யார் வந்தாலும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "இப்ப எப்படி இருக்காரு?" கேள்வி அவரைப் பற்றியது. ஆனா கேட்கிறது அவரை இல்லை, பக்கத்தில் நிற்கிற பொண்டாட்டியை, மகளை, மருமகளை. ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். சாப்பிடுறாரா, நடக்கிறாரா, பாத்ரூம் போறாரா என்று வரிசையாகக் கேட்டு, கூட வந்தவர் சொல்லும் பதிலைத் தாளில் குறிச்சுக்கிறாங்க. அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்து என்ன பயிற்சி, எத்தனை மாசம், ஆள் வைக்கணுமா வேண்டாமா எல்லாம் முடிவாகுது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரியா இருக்கும்? போன தை, மாசி ரெண்டு மாசமும் எனக்கு இதே யோசனை. நவரை நடவைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவங்க இந்த ஒரு தடவை பொறுத்துக்குங்க.

எங்க பெரியக்காவைக் கொடுத்தது அனகாபுத்தூரில். நமக்கு சோமங்கலம் பக்கம். குன்றத்தூர் வந்து பல்லாவரம் ரோட்டைப் பிடித்தால் அடையாற்றங்கரையில் அவங்க ஊர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த பிறகு அதை ஊர்னு சொல்றதா டவுன்னு சொல்றதான்னே தெரியலை. நெசவாளிங்க ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியா வரைக்கும் போச்சு. இப்ப வாழைநார்ச் சேலைக்குப் பேர். மாமா நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். புரட்டாசியில் ஒரு விடிகாலை பல் விளக்கப் போனவர், வாய் கோணி, வலது கை கால் விழுந்து பின்கட்டிலேயே சாய்ந்துட்டார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது பக்கம் போச்சு, கூடவே பேச்சும் போச்சு. "ஆமா", "வேணா", அப்புறம் அக்காவைக் கூப்பிட ஒரு சத்தம். அவ்வளவுதான் மிச்சம். அந்த "ஆமா"வும் சில சமயம் "வேணா" என்ற அர்த்தத்தில் வரும்.

பேச்சு இருந்தா அவரையே கேட்டுடலாமே என்று தோணும். எல்லார்கிட்டயும் அது நடக்காது. மூளையின் வலது பக்கம் அடிபட்டு இடது கை கால் விழுந்தவங்களில் சிலருக்குத் தனக்கு எதுவுமே ஆகலை என்றுதான் தோணுமாம். கையைத் தூக்குங்கன்னா தூக்கிட்டேன்பாங்க, கை பாட்டுக்கு மடியில் கிடக்கும். பொய் சொல்லலை, நோயே அப்படி. அங்கே வீட்டார் சொல்றதைத்தான் நம்பணும். மாமாவுக்கு அந்தக் கோளாறு இல்லை. அவருக்கு எல்லாம் தெரியுது, சொல்ல வாய் வரலை.

மார்கழியில் மறு பரிசோதனைக்குப் போனப்ப, அக்கா சொன்ன பதில்களை வைத்து "பெரும்பாலும் பிறரைச் சார்ந்திருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தாங்க. படுக்கைப்புண் வராமப் பார்த்துக்கணும், கை காலை அசைச்சு விடணும், முடிஞ்சா ஆள் வைங்க. நடைப் பயிற்சி பற்றி ஒரு வரி இல்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அக்கா மகன் போனில் வேற மாதிரி சொல்றான். "அப்பா நல்லாத்தான் இருக்காரு மாமா. தினமும் வீடியோல பாக்கறேன். அம்மாதான் ரொம்ப பயப்படறாங்க." இதுக்கு நடுவுல தறியை வித்துடலாமா, வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் ஓசூருக்கே கூட்டிப் போயிடலாமா என்று பேச்சு ஓடிக்கிட்டிருந்தது.

அந்த நேரம் அக்காவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. சம்பா அறுத்து முடிச்சு நவரைக்கு நாத்து விட்டிருந்தேன். நாத்து எப்படியும் இருபத்தஞ்சு நாள் இருக்கும், தண்ணி பார்க்கத் தம்பி இருக்கான். பத்து நாள் அனகாபுத்தூரில் போய் இருந்தேன்.

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்டில் ஆரம்பிச்ச திட்டம் உங்களுக்கே தெரியும். பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமில்லை, இந்த மாதிரி விழுந்தவங்களுக்கு பிசியோ பயிற்சியும் வீட்டுக்கே வருது. அப்படி வந்த பொண்ணு கையில் ஒரு தாள் வச்சிருந்தாங்க. பார்தெல் அளவுகோல்னு பேர். 1965-ல் அமெரிக்காவில் மேரிலாந்தில் ஃபுளோரன்ஸ் மஹோனி என்ற டாக்டரும் டோரதியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து வெளியிட்டது. பத்தே பத்து விஷயம். சாப்பிடுறது, குளிக்கிறது, முகம் கழுவிப் பல் விளக்குறது, துணி உடுத்துறது, மலம், சிறுநீர் அடக்குறது, கழிப்பறை போறது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுறது, நடக்கிறது, படி ஏறுறது. எல்லாம் தானே செய்தா 100, எதுவுமே முடியலைன்னா 0. உலகம் பூரா இன்னும் இதைத்தான் கேக்குறாங்களாம்.

அக்காவைக் கேட்டாங்க. "எல்லாம் நான்தாம்மா பண்றேன். ஊட்டறது நான், குளிப்பாட்டறது நான், வேட்டி கட்டி விடறது நான்." கூட்டிப் பார்த்தா 45. ஸ்பீக்கரில் மகனைக் கேட்டாங்க. மாடி ஏறுறது தவிர எல்லாத்துக்கும் "அதெல்லாம் பண்றாரு" என்றான். 90. ஒரே மனுஷன், ஒரே வாரம். அந்தப் பொண்ணு பேனாவை மூடிட்டு என்னைப் பார்த்தாங்க. "அண்ணா, நீங்க பத்து நாள் இருக்கப் போறீங்கல்ல? ஒரு உதவி பண்ணுங்க. அவரால முடியுமா முடியாதான்னு பாக்காதீங்க. என்ன செஞ்சாரு, யாரு கை வெச்சாங்க, அதை மட்டும் எழுதி வைங்க."

எனக்கு இது புது வேலை இல்லை. எந்த மடைக்கு எப்ப தண்ணி திறந்தேன், எந்தப் பசு எத்தனை லிட்டர்னு நோட்டு போடுறவன்தான். தறி மேலே கிடந்த கணக்கு நோட்டில் பின்பக்கமா ஆரம்பிச்சேன்.

சாப்பாட்டைச் சொல்றேன். காலையில் இட்லியை அக்காதான் ஊட்டுவாங்க. ராத்திரியும் அப்படித்தான். மத்தியானம் மட்டும் அக்கா தட்டில் சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு ரேஷன் கடைக்கோ மாவு மில்லுக்கோ போயிடுவாங்க. திரும்பி வரும்போது தட்டு காலியா இருக்கும். மூணாவது நாள்தான் பார்த்தேன். மாமா கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் ஸ்பூன் பிடிச்சு மெதுவா சாப்பிடுறார். சட்டையில் கொஞ்சம் சிந்துது, ஆனா முழுசாச் சாப்பிட்டு முடிக்கிறார். யாராவது வாசலில் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டா ஸ்பூனை வச்சுடுறார். பீச்சாங்கையால சோறு தின்றதை அடுத்தவங்க பார்க்கிறதுக்கு, பொண்டாட்டி ஊட்டி விடுறதே மேல்னு அவர் மனசில் இருக்கு. நம்ம ஊரில் வளர்ந்த யாருக்கும் இது புரியும். தாளைப் போட்ட அமெரிக்காக்காரங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கும்னு தெரிஞ்சிருக்காது.

வேட்டி விஷயம் வேற. கடையில் ஒட்டிக்கோ வேட்டி வாங்கி வந்து கொடுத்தேன். ரெண்டாம் நாளே பாதிக்கு மேல் அவரே சுத்திக்கிட்டார். வலது பக்க நுனியை இழுத்துக் கொடுத்தா போதும். அக்காவுக்கு அது பொறுக்கலை. "அரை மணி நேரம் ஆவுதுடா அவரு கட்டறதுக்கு. எனக்கு அடுப்புல பால் இருக்கு." நியாயம்தான். அரை மணி நேரத்தை ரெண்டு நிமிஷத்தில் முடிக்கிறவங்க, "நான்தான் கட்டி விடறேன்"னு சொல்றதில் என்ன தப்பு? ஆனா கேட்டவங்க காதில் விழுந்தது "அவரால முடியாது" என்று.

நடையைப் பற்றி அக்கா "கையைப் புடிச்சிக்கிட்டுத்தான் நடப்பாரு" என்றாங்க. நோட்டில் இருக்கிறது: வீட்டுக்குள்ளே ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை, கைத்தடி ஊனி, யாரும் பிடிக்காம. வாசல் மூணு படிக்கு மட்டும் கை வேணும். அக்கா சமையல் கட்டிலிருந்து பார்க்கும்போது அவர் உட்கார்ந்திருப்பார். எழுந்து நடப்பது அக்கா பார்க்காத நேரத்தில்தான்.

இதையெல்லாம் படிச்சா அக்கா எல்லாத்தையும் மிகைப்படுத்திச் சொல்ற மாதிரி இருக்கும். அப்படி இல்லை, ராத்திரியைக் கேளுங்க. "சிறுநீர் அடக்க முடியுதா" என்ற கேள்விக்கு அக்காவும் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல", மகனும் "இல்லை". பத்து ராத்திரியில் ஆறு ராத்திரி பாய் நனைஞ்சது. ராத்திரி மூணு நாலு தடவை அக்கா எழுந்து, அவரைத் தூக்கி உட்கார வச்சு, துணி மாத்தி, விடியுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அலசிக் கொடியில் போட்டுடுவாங்க. முதுகு பிடிச்சது எப்படின்னு எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. அம்பது வருஷமா மானமா இருந்த புருஷன் படுக்கையை நனைக்கிறார்னு வயசுப் பொண்ணு ஒருத்தர் முன்னாடி எந்தப் பொம்பளை சொல்லுவா? பகல் வேலையைக் கூட்டிச் சொன்ன அதே வாய் ராத்திரியை மறைச்சிடுச்சு.

மகன் கணக்கு எங்கே தப்புதுன்னு கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகலை. தினமும் ஏழு மணிக்கு வீடியோ கால். ஆறரைக்கே அக்கா முகம் கழுவி, திருநீறு இட்டு, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வச்சுடுவாங்க. அவன் பார்க்கிறது அந்தப் பத்து நிமிஷ அப்பாவை. மூணு ஞாயிறுக்கு ஒரு தடவை வந்து மத்தியானம் கிளம்பிடுறவன். அவன் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பா நல்லா இருக்கணும்னு நினைக்கிறவனுக்கு நல்லா இருக்கிற மாதிரியே தெரியுது.

பத்தாம் நாள் அந்தப் பொண்ணு வந்து நோட்டைப் பார்த்து மறுபடி தாளைப் போட்டாங்க. 65. சராசரி எடுத்தாலும் கிட்டத்தட்ட இதேதானே வருதுன்னு ஒருத்தர் கேக்கலாம். வரும், ஆனா ஒண்ணுக்கும் உதவாது. நடையில் ரெண்டு பேரில் மகன் சொன்னது சரி. குளியலில் அக்கா சொன்னது சரி, முதுகுக்குச் சோப்புப் போட ஆள் வேணும். சிறுநீரில் ரெண்டு பேருமே தப்பு. மொத்த எண்ணை வச்சு யாருக்கும் வைத்தியம் பண்ண முடியாது.

இன்னொரு விஷயம் அவங்க சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தாளோடு வரும் வழிகாட்டிக் குறிப்பிலேயே எழுதியிருக்காம்: நோயாளியால் என்ன முடியும்னு எழுதாதே, என்ன செய்கிறார்னு எழுது. போன ஒரு நாள், ரெண்டு நாளைப் பற்றிக் கேள். பாதி மார்க் போடணும்னா பாதிக்கு மேல் உழைப்பு அவருடையதா இருக்கணும். கைத்தடி வச்சுக்கிட்டா மார்க்கைக் குறைக்காதே. வீட்டாரைக் கேள், நீயும் கண்ணால் பார். இவ்வளவும் எழுதி வச்சிருந்தும், வரிசையில் நூறு பேர் நிற்கிற இடத்தில் அது "அவரா சாப்பிடுவாராம்மா?" என்ற ஒரு கேள்வியாச் சுருங்கிடுது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொருத்தரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றாங்க. அக்கா சொன்னது தன் உடம்பு என்ன பாடுபடுதுன்னு. அதை யாரும் அவங்ககிட்ட தனியாக் கேக்கவே இல்லை, அதனால மாமாவைக் கேட்ட கேள்வியில் அதைச் சொல்லிட்டாங்க.

வெளிநாடுகளில் இதை ரொம்ப வருஷமா ஆராய்ஞ்சிருக்காங்க. பக்கவாதம் வந்தவரையும் அவரைப் பார்த்துக்கிறவரையும் தனித்தனியாக் கேட்டா, பெரும்பாலும் பார்த்துக்கிறவர் கொஞ்சம் மோசமாத்தான் சொல்றார். நடை, குளியல் மாதிரி கண்ணுக்குத் தெரியுறதில் ரெண்டு பேச்சும் ஒத்துப்போகும். மனசு, வலி, சோர்வு இதிலெல்லாம் விலகும். பார்த்துக்கிறவர் களைச்சுப் போகப் போக அந்த விலகலும் கூடுது.

நம்ம பக்கம் இது தலைகீழாவும் நடந்திருக்கு. 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு வயசானவங்களின் மறதி நோயை உலகத்தில் பல இடங்களில் கணக்கெடுத்தது. நம்ம மாநிலத்தில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அதில் இருந்தன. 2008-ல் வந்த முடிவில், வழக்கமான அளவுகோல்படி வேலூர்க் கிராமங்களில் நோய் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3 சதவீதம். வேலூர்க்காரங்களுக்கு அப்படி என்ன நல்ல மூளையா? இல்லை. வீட்டார் குறையைச் சொல்றது இங்கே கம்மி என்பதும் ஒரு காரணம்னு ஆய்வாளர்களே சொன்னாங்க. தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, அவர் எதுக்குக் கணக்குப் பார்க்கணும், எதுக்குக் கடைக்குப் போகணும், உட்காரட்டும்னு விட்டுடுற வீட்டில், அவரால அது முடியலைன்னு யாருக்குத் தெரியும்? ஏன், நம்ம மாமா நல்லா இருந்த காலத்திலேயே தன் தட்டைக் கழுவினதில்லை. நோய்க்கு அப்புறம் "பாத்திரம் கழுவுறாரா"ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது!

இதுக்காகவே ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் வேலை செஞ்ச ஆராய்ச்சிக்காரங்க, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்குன்னு தனியா ஒரு கேள்வித்தாள் பண்ணி 1999-ல் வெளியிட்டாங்க. செக் எழுதுவாரா, கார் ஓட்டுவாரா எல்லாம் இல்லை. பண்டிகை எப்பன்னு நினைவிருக்கா, சொல்லி அனுப்பின சேதியைக் கொண்டு சேர்ப்பாரா, ஊருக்குள்ளேயே வழி தவறினாரா, இப்படி. நம்ம ஊர் மனுஷன் நிஜமாச் செய்யுற வேலையைக் கேட்டாத்தான் பதில் நிஜமா வரும்.

விவசாயிக்கு இதைப் புரிய வைக்க ரொம்பப் பாடுபட வேண்டாம். ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு நம்மைக் கேட்டா, இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு பதில், பொண்ணு பார்க்க வந்தவருக்கு ஒரு பதில். அதனாலதான் அரசாங்கம் நம்மைக் கேக்காம, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போட்டுப் பார்க்குது. பெரிய ஆய்வுகளிலும் இதே ஜாக்கிரதைதான். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரங்க முன்னின்று நடத்தி 2017-ல் லான்செட்டில் வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. நாடு பூரா 14 மருத்துவமனை, 1,250 பேர். பாதிப் பேருக்கு வீட்டு ஆட்களுக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே செய்ய வச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு, யாருக்குப் பயிற்சி கொடுத்தாங்கன்னு தெரியாத ஆட்களை வச்சு மதிப்பிட்டாங்க. இறந்தவங்களும் பிறரைச் சார்ந்திருந்தவங்களும் ரெண்டு பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஆறு மாசம் ராப்பகலாக் கை காலைப் பிடிச்சு விட்ட மனைவிமார்களை மட்டும் கேட்டிருந்தா, முடிவு இவ்வளவு கறாரா வந்திருக்கும்னு நான் நினைக்கலை.

எந்தக் கட்டத்திலும் வராத ரெண்டு விஷயம் நோட்டில் இருந்தது. ஒண்ணு, அக்கா "அமைதியா இருக்காரு, அந்தக் கோபமே போச்சு" என்று சந்தோஷமாச் சொன்னது. காலையில் பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பிக்கும்போது பத்தில் நாலு நாள் மாமா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். அன்னிக்கு இட்லி ஊட்டினாலும் வேணா. பக்கவாதம் வந்தவங்களில் மூணில் ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும்னு அந்தப் பொண்ணு சொன்னாங்க. அமைதின்னு நினைச்சது அதுதான். இன்னொண்ணு, சாயங்காலம் அவர் இடது கையால் ராட்டையில் தார் சுத்துறது. நூல் அறுந்தா பல்லால் கடிச்சுச் சேர்க்கிறார். ஒரு நாள் பன்னிரண்டு தார். அக்காவைக் கேட்டா, "அது சும்மா வெளையாடறாரு."

ஊட்டுறதைப் பற்றி அவரையே கேட்டுப் பார்த்தோம். வாயால் இல்லை. ஒரு பக்கம் ஸ்பூன், ஒரு பக்கம் அக்காவோட கை. எது வேணும்னு காட்டச் சொன்னாங்க. ஸ்பூனைத் தொட்டார். அப்புறம் வாசக்கதவைக் காட்டி, இடது கையை மடியில் ஒளிச்சுக்கிட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இத்தினி நாளா எங்கிட்ட சொல்லலியே" என்றாங்க. கேள்வியைக் கையில் பிடிக்கிற மாதிரி கொடுத்தா, பேச்சு போனவரும் பதில் சொல்றார்.

இப்ப மூணு வேளையும் உள்ரூமில் அவரே சாப்பிடுறார், அக்கா பிசைஞ்சு வச்சா போதும். புதுத் தாளைக் காட்டினதும் டாக்டர் நடைப் பயிற்சியைச் சேர்த்தாங்க, சிறுநீருக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. தறியை விக்கிற பேச்சு இப்போதைக்கு நின்னிருக்கு. அந்த நோட்டை அப்படியே விட்டுட்டு வந்தேன், அக்கா மகன் ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து அப்பா பக்கத்தில் படுத்து அவனே எழுதணும்னு ஏற்பாடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அஞ்சரைக்குப் போன் வந்தது. "மாமா, ராத்திரி நாலு தடவை எழுந்தாரு." கொஞ்ச நேரம் அவனும் பேசலை, நானும் பேசலை. நாத்துப் பிடுங்க ஆள் வந்து வரப்பில் நின்னுக்கிட்டிருந்தாங்க, அப்புறம் பேசுறேன்டான்னு வச்சுட்டேன்.